கட்டுச்சோறும் கல்விப் பயணமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வெள்ளிக்கிழமை தோறும் கஹ்பு சூராவை நாம் ஓதி வருகின்றோம். அதிலே மூஸா நபி (அலை) அவர்களின் பிரயாணம் ஒன்று வருகின்றது. பிர்அவ்னை எதிர்த்து நின்றவர்கள். தவ்ராத் வேதம் அருளப் பெற்றவர்கள். அத்தகைய நபியவர்கள், தமக்குக் கொடுக்கப்படாத இல்மு கொடுக்கப்பட்ட ஓர் அடியார் இருக்கின்றார் என்று அறிந்த மாத்திரத்திலே, இரு கடல்கள் கூடும் இடத்தைத் தேடிப் புறப்பட்டு விட்டார்கள். எத்தனை காலமாயினும் நடப்பேன் என்று உறுதி கொண்டார்கள். நடந்து களைத்த பின், கூட வந்த வாலிபரிடம் காலை உணவை எடுக்கச் சொன்னார்கள். கொண்டு போன மீனின் கதை யாவரும் அறிந்ததே. கல்வி தேடிப் போன நபியவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டே போனார்கள் என்பதை நாம் ஓதும்போது கவனிக்க வேண்டும்.

இன்று நாம் பேச வந்த விஷயம் அந்தக் கட்டுச்சோறு பற்றியதே.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும், தாமான் ஜூரோங், பூன் லே புளோக்குகளின் அடியிலும் கடை வைத்திருக்கின்ற நம்மில் பலருடைய பிள்ளைகள் இப்பொழுது பட்டதாரிகள். தென்காசி, கடையநல்லூர், நாகூர், கீழக்கரை ஆகிய ஊர்களில் இருக்கும் நம் தங்கை பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் அப்படியே. பட்டம் வாங்கிய பிள்ளை, "அத்தா, மேற்கொண்டு வெளிநாட்டிலே எம்.எஸ்ஸி. படிக்கட்டுமா?" என்று கேட்கின்றது. அப்பொழுது நாம் என்ன செய்கின்றோம்? சிலர் பாங்கிக்குப் போய் வட்டிக் கடன் எழுதிக் கொடுத்து விடுகின்றோம். சிலர் ஊரிலிருக்கும் நிலத்தையோ, மனைவியின் நகையையோ விற்கின்றோம். மற்றவர்கள், "படித்தது போதும், கல்லாவிலே வந்து உட்கார்" என்று சொல்லி விடுகின்றோம். நான்காவதாக ஒரு வழி இருப்பதை நம்மிற் பெரும்பாலோர் விசாரிப்பதேயில்லை.

அதுதான் முழு உபகாரச் சம்பளம். படிப்புக் கட்டணம், அங்கே தங்கி உண்பதற்கான மாதச் செலவு, பெரும்பாலும் விமானச் சீட்டு, வைத்தியக் காப்புறுதி இவ்வளவையும் கொடுப்பவர்களே கொடுத்து விடுவது. இது தவிர, கட்டணத்தில் நூற்றுக்கு இருபது, முப்பது தள்ளுபடி என்று பல கல்லூரிகள் கடிதம் அனுப்புகின்றன. பிள்ளை அதைக் கொண்டு வந்து, உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது என்று ஆனந்தமாகக் காட்டுகின்றது. விலையை ஏற்றி எழுதிப் பின் தள்ளுபடி கொடுக்கும் வித்தை வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா? மீதிப் பணத்துக்கு யார் போவது என்பதே கேள்வி. மீதிக்கு வட்டிக் கடன் என்றால், அது நாம் தேடிய வழியன்று. வட்டியை விடாதவர்களுடன் அல்லாஹ்வும் ரஸூலும் யுத்தம் பிரகடனம் செய்திருப்பதை பகறா சூராவில் ஓதுகின்ற நாம், பிள்ளையின் கல்வி என்ற பெயர் வந்தவுடன் அதை மறந்து விடலாகாது.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் கிளப்புவதுண்டு. "நாம் கொடுத்துப் பழகிய சமூகம், கை நீட்டுவது நமக்கு அழகா?" என்பார்கள். ரோஷமுள்ள பேச்சுத்தான், ஆனால் சரித்திரம் அறியாத பேச்சு. மாணவனுக்குப் பாடமும் கொடுத்து, சோறும் கொடுத்து, தங்க இடமும் கொடுக்கும் வழக்கத்தை முஸ்லிம்கள் மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கின்றார்கள். பக்தாதில் மந்திரி நிஜாமுல் முல்க் கட்டிய நிஜாமிய்யா மதரஸா 1067ல் திறக்கப்பட்டது. அங்கே ஓதிய மாணவர்களுக்கு வக்பு வருமானத்திலிருந்து படி அளக்கப்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091 முதல் அங்கே உஸ்தாதாக இருந்தவர்கள். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பல நாட்டு மாணவருக்கும் தனித் தனி விடுதிப் பகுதி இருந்தது. நமக்குப் பக்கத்து ஜாவாக்காரர்களுக்கும் ஒன்று இருந்தது. அவர்களுக்கு அன்றாடம் ரொட்டி வழங்கப்பட்டது. அந்த ரொட்டியை வாங்கிய ஆலிம்களை யாராவது பிச்சைக்காரர் என்று சொன்னதுண்டா? மொரோக்கோவின் பாஸ் நகரில் 859ல் கரவிய்யீன் பள்ளியை எழுப்பிய பாத்திமா அல்பிஹ்ரீ என்ற அம்மையார், வியாபாரியான தம் தந்தை விட்டுப் போன சொத்தையே அதற்குக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகின்றது.

ஆயினும் ரோஷக்காரர் பேச்சில் ஓர் உண்மை இருக்கின்றது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உபகாரச் சம்பளம் இரண்டு வகைப்படும். திறமைக்காகக் கொடுப்பது ஒன்று. ஏழ்மைக்காகக் கொடுப்பது மற்றொன்று. திறமைக்குக் கொடுப்பதைப் பணக்காரன் பிள்ளையும் வாங்கலாம். பந்தயத்தில் முந்தியவனுக்குப் பரிசு கொடுப்பது போன்றது அது. ஏழ்மைக்குக் கொடுப்பதை, அதிலும் ஜக்காத்துப் பணத்திலிருந்து கொடுப்பதை, மூன்று கடை வைத்திருப்பவன் வருமானத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்து வாங்கினால், அவன் ஒரு மிஸ்கீனின் தட்டிலிருந்து அள்ளுகின்றான். இந்த விஷயத்தில் நம்மவர்களில் சிலர் மிக லேசாக நடந்து கொள்வதைப் பார்க்கின்றோம். வருமான வரிக்கு ஒரு கணக்கு, மனுவுக்கு ஒரு கணக்கு, மறுமைக்கு எந்தக் கணக்கு?

"காபிர்களின் பணத்தில் படிக்கலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கின்றனர். ஹிஜ்ரத்தின் போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அப்பொழுது முஸ்லிமாயிராத ஒருவர். பத்ரு யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளில், மீட்புப் பணம் கொடுக்க இயலாமல் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்ற ஏற்பாடு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். அறிவு யாரிடம் இருக்கின்றதோ அவரிடம் போய்க் கற்பதில் அந்தத் தலைமுறைக்குக் கூச்சம் இருக்கவில்லை. (கல்விக்காகச் சீனம் வரை போகச் சொல்லும் வாசகத்தை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லவர்கள் கூறியிருக்கின்றார்கள். அது இல்லாமலே நமக்கு ஆதாரம் நிறைய இருக்கின்றது. ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பிரயாணம் செய்து, ஷாம் தேசம் போயிருக்கின்றார்கள்.)

நாம் இருக்கும் ஜூரோங்கையே பாருங்கள். நன்யாங் பல்கலைக்கழகம் இங்கே எழும்பிய கதையை முதியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1953ல் ரப்பர் வியாபாரியான டான் லார்க் சை அந்த யோசனையைச் சொல்லித் தாமே ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தது. பிறகு டிரைஷா மிதிப்பவர்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள், டாக்சிக்காரர்கள் கொடுத்தார்கள், அங்காடிக்காரர்கள் கொடுத்தார்கள். 1956ல் வகுப்புகள் தொடங்கின. அந்த இடத்தில்தான் இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அதில் நம் பிள்ளைகளும் ஓதுகின்றார்கள். தம் பிள்ளை அங்கே படிப்பானோ மாட்டானோ என்று தெரியாமல் கொடுத்த டிரைஷாக்காரனின் காசும் அந்த மண்ணில் கலந்திருக்கின்றது. நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். 1951ல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியை எழுப்பியவர்கள் வியாபாரிகளே.

உபகாரச் சம்பளத்தால் சமூகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1916ல் சிங்கப்பூரில் பிறந்த அஹ்மது இப்ராஹீம் என்ற முஸ்லிம் பிள்ளை, ராபிள்ஸ் பள்ளியில் படித்து, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று, கேம்பிரிட்ஜ் போய்ச் சட்டம் பயின்றார். குடியேற்ற ஆட்சியார் 1880களில் ஏற்படுத்திய சம்பளம் அது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க பேருக்கே கிடைத்தது. அவர் திரும்பி வந்தார். 1965ல் சுதந்திர சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1966ல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் உருவானதில் அவருடைய உழைப்பு பெரிது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1968ல் முயிஸ் ஏற்பட்டது. நம் நிக்காஹ், வாரிசுரிமை, வக்பு, பள்ளிவாசல் நிர்வாகம் எல்லாம் அதன் நிழலில் நடக்கின்றன. ஒரு பிள்ளையின் கப்பல் பிரயாணத்துக்கு யாரோ கொடுத்த பணம் நம் வீட்டு நிக்காஹ் தப்தர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

இனி, எங்கே தேடுவது என்ற விஷயத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் கடவுச்சீட்டு. ஒரே வீட்டில் மகன் சிங்கப்பூர்ப் பிரஜை, மருமகன் இந்தியப் பிரஜை என்று இருக்கின்றோம். இருவருக்கும் கதவுகள் வேறு. பிரிட்டனின் காமன்வெல்த் முதுகலைச் சம்பளம் வருமானம் குறைந்த, நடுத்தர நாட்டவர்களுக்கானது. இந்தியர், இலங்கையர் மனுச் செய்யலாம், சிங்கப்பூர்ப் பிரஜைக்கு இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் 1983ல் தொடங்கிய செவ்னிங் சம்பளத்தில் இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகள் உண்டு. பில் கேட்ஸ் தம்பதியரின் அறநிதி 2000ல் கேம்பிரிட்ஜில் ஏற்படுத்திய கேட்ஸ் சம்பளம் பிரிட்டிஷ்காரரைத் தவிர எல்லா நாட்டவருக்கும் உரியது; ஆண்டுக்குச் சுமார் 80 பேருக்குக் கிடைக்கின்றது. ஐரோப்பிய யூனியனின் எராஸ்மஸ் முண்டஸ் எல்லாப் பிரஜைகளுக்கும் பொது. ஒரே படிப்பை இரண்டு மூன்று தேசங்களில் மாறி மாறிப் படிக்க வேண்டும். மாதம் 1,400 யூரோ படி உண்டு. ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் சம்பளம் 1954 முதல் நடந்து வருகின்றது. சிங்கப்பூரிலுள்ள ஜப்பான் தூதரகத்திலேயே மனுச் செய்யலாம். துருக்கி அரசாங்கத்தின் சம்பளத்துக்கு ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை மனு வாங்குவது வழக்கம். முதுகலைக்கு வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். முதலாண்டில் துருக்கி பாஷை கற்பித்துக் கொடுக்கின்றார்கள். ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை என்பது தாய்மார்களுக்கு ஆறுதலான சேதி.

ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டு அரசாங்கம் 2025ல் வெளிநாட்டில் முதுகலை படிக்கும் முஸ்லிம் மாணவர் பத்துப் பேருக்கு ஆளுக்கு 36 லட்ச ரூபாய் வரை கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983ல் முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளுக்கென்று தொடங்கிய திட்டம் கர்ளு ஹஸன் முறையில் அமைந்தது. பிள்ளை வேலைக்குப் போன பின் வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கும் பணம், அந்தச் சமூகத்தின் அடுத்த பிள்ளைக்குப் போகும். இந்த முறை நம் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது. நம் சங்கங்களும் சிறிய அளவிலாவது இதைக் கைக்கொள்ளலாம்.

ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியபோது, அரை மாதத்துக்குள் அவர்கள் அதைக் கற்றுக் கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று இருக்கின்றது. ஐஈஎல்டிஎஸ் என்பார்கள். அந்தச் சான்றிதழை இரண்டு வருஷம்தான் ஏற்பார்கள். ஆகவே மிக முன்னதாக எழுதி விடுவதும் வீண், கெடுவுக்கு முதல் வாரம் எழுதுவதும் ஆபத்து.

தேதி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அடுத்த வருஷம் செப்டம்பரில் படிப்புத் தொடங்குமென்றால், மனு இந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குள் போய்விட வேண்டும். செவ்னிங் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். எராஸ்மஸில் பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை. நம்மவர்கள் மே மாதம் பரீட்சை முடிவு வந்த பிறகு, ஜூனில் விசாரிக்கத் தொடங்குகின்றார்கள். நோன்புப் பெருநாள் சரக்குக்குப் பெருநாளன்று ஆர்டர் கொடுப்போமா?

வேலை அனுபவம் கேட்கும் இடங்கள் உண்டு. செவ்னிங்குக்கு 2,800 மணி நேரம் வேண்டும். பகுதிநேர வேலையும், சம்பளமில்லாத தொண்டு வேலையும் கணக்கில் சேரும்.  நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் எத்தனை ஆயிரம் மணி நேரம் நின்றிருக்கின்றார்கள்! வாரத்துக்கு 20 மணி நேரம் என்றாலும் மூன்று வருஷத்தில் அந்தத் தொகை நிரம்பிவிடும். ஆனால் அதற்கு எழுத்து எங்கே? அத்தா கடைதானே என்று சம்பளச் சீட்டும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்து தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அந்த ஆயத்து வியாபாரிகளுக்கு இறங்கியது போலவே இருக்கின்றது. பிள்ளையின் உழைப்பும் நம் மேல் ஒரு கடன்தான். மாதாமாதம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். நடக்காத வேலையை நடந்ததாக எழுதுவது பொய்ச் சாட்சியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான். ஜமாஅத் தலைவரிடமும் பெரிய மனிதர்களிடமும் போய் நிற்கின்றோம். அவர்களுடைய கடிதம் இங்கே பெரும்பாலும் எடுபடாது. பிள்ளையின் பாடத்தை நேரில் பார்த்த பேராசிரியரும், வேலையை நேரில் பார்த்த மேலதிகாரியுமே சாட்சிகள். சாட்சி என்பவன் கண்டவனாக இருக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் சட்டமும் அன்றோ? கட்டுரைகளையும் பிள்ளையே எழுத வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்குவதும், இப்பொழுது வந்திருக்கும் இயந்திர மூளையிடம் எழுதச் சொல்லித் தன்னுடையதென்று அனுப்புவதும் சரக்கில் கலப்படம் செய்வதே. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியைக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நமக்குத் தெரியும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. "முழு உபகாரச் சம்பளம் வாங்கித் தருகின்றோம், முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லும் தரகர்கள் நம் தெருக்களிலும் உலாவுகின்றார்கள். நாம் மேலே சொன்ன அரசாங்கச் சம்பளங்களில் எதற்கும் மனுக் கட்டணம் கிடையாது. கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்க்கை மனுவுக்கு ஒரு கட்டணம் வாங்குவதுண்டு. அது பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கட்டுவது. தரகனுக்குக் கட்டுவதன்று. காணாத மீனைக் கடலில் வைத்து விலை பேசக்கூடாது என்று பிக்ஹில் ஓதியவர்கள் நாம்.

வாங்கிய பின் நிபந்தனைகள் உண்டு. செவ்னிங்கில் படித்தவர் தம் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிள்ளை அங்கேயே வேலை கிடைத்தது என்று தங்கிவிட்டால், நாம் அதை "கெட்டிக்காரத்தனம்" என்று உறவினரிடம் சொல்லி மகிழலாகாது. உடன்படிக்கையை நிறைவேற்றும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கின்றான். கொடுத்தவர் எந்த மதத்தவராயினும் அமானிதம் அமானிதமே. அதோடு, அடுத்த வருஷம் மனுப் போடும் முஸ்லிம் பிள்ளையின் பெயரையும் அவன் கெடுத்து விடுகின்றான்.

பெண் மக்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மகள் முதல் வகுப்பில் தேறியிருக்கின்றாள். மகன் தட்டுத் தடுமாறித் தேறியிருக்கின்றான். நாமோ மகனுக்காக மட்டும் விசாரிக்கின்றோம். துணையின்றிப் பிரயாணம் செய்வது குறித்து மத்ஹபுகளில் அபிப்பிராய பேதம் உண்டு. அதை உங்கள் பள்ளியின் ஆலிமிடம் உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த ஊர், யார் துணை, எங்கே தங்குவது என்று விவரமாகக் கேளுங்கள். உறவினர் இருக்கும் ஊராகத் தேடலாம். மணமானவளாயின் கணவனும் உடன் போகலாம். கேட்காமலேயே மார்க்கத்தின் பெயரால் கதவைச் சாத்துவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ராமேசுவரத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போக அப்துல் கலாமுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, தம் வளையலையும் சங்கிலியையும் அடகுக்குக் கொடுத்தவர் அவருடைய சகோதரி ஜொஹ்ரா. சகோதரிகள் நகையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கதையை எத்தனை தலைமுறைக்குப் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருப்பது?

மனுப் போட்டவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும். இதை மறைப்பதில் பயனில்லை. முதல் தடவை மறுத்து, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கொடுத்த வரலாறுகள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆகவே ஒரே மனுவோடு நிற்காமல், நான்கைந்து இடங்களுக்கு மனுச் செய்து, இஸ்திகாராவும் தொழுது, பதில் வரும் வரை பிள்ளை ஒரு வேலையில் இருக்கட்டும்; மறுப்பு வந்தாலும் அந்த அனுபவம் அடுத்த மனுவுக்கு உதவும். மறுப்புக் கடிதம் வந்த அன்று, "நான் அப்போதே சொன்னேன்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நம் ஜமாஅத்தில் வெளிநாட்டுச் சம்பளம் பெற்றுப் படித்துத் திரும்பிய பிள்ளைகள் இருந்தால், இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் வந்து, தாம் எழுதிய மனுவைக் காட்டி விளக்கும்படி அழைப்போம். பெற்றோர் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் கடவுச்சீட்டின் நகலையும் கொண்டு வரட்டும். ஜக்காத்தை மாணவருக்குக் கொடுக்கலாமா, எந்த மாணவருக்குக் கொடுக்கலாம் என்பதில் உலமாக்களின் தீர்ப்பை அன்றைக்கே இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வோம். ஆகஸ்டுக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.